ரிலே: ஒரு சொல்லின் கதையும் ஒரு சிறு பெட்டியின் கதையும்

காரின் மூடியைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் உள்ளே ஃபியூஸ்களோடு தீப்பெட்டியில் பாதி அளவுள்ள சில கட்டைகள் சொருகப்பட்டிருக்கும். அவற்றுக்கு ரிலே என்று பெயர். சாவியைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சின்ன சத்தம் கேட்கிறதே, அது இந்தக் கட்டை போடும் சத்தம்தான். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இது பழுதானால் பல லட்ச ரூபாய் வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். இந்தச் சின்னப் பொருளுக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவன் என்பதால் "ரிலே" என்ற சொல் எனக்குக் காரில் அறிமுகமாகவில்லை, பாடப்புத்தகத்தில் அறிமுகமானது. பிரெஞ்சில் அதை எழுதும்போது கடைசியில் ஒரு "எஸ்" வரும், உச்சரிக்கும்போது வராது. அந்த நாளில் வேட்டைக்குப் போகிறவர்கள் வழியில் ஆங்காங்கே புது நாய்களையும் குதிரைகளையும் நிறுத்தி வைப்பார்கள். ஓடிக் களைத்தவை நின்றுவிடும், புதியவை ஓட்டத்தைத் தொடரும். அந்த மாற்றுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு அரசாங்கத் தபால் ஏற்பட்டபோது குதிரை மாற்றும் சாவடிகளுக்கு "ரெலே த போஸ்த்" என்று பெயர் வந்தது. பதினோராம் லூயி காலத்திலிருந்து, அதாவது 15ஆம் நூற்றாண்டிலிருந்து, ரயில் வரும்வரை பிரான்சு நாட்டுத் தபால் இப்படித்தான் ஓடியது. ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் கையில் எடுத்துக்கொள்வதற்குப் பிரெஞ்சில் இன்றும் "பிராந்ர் ல ரெலே" என்றுதான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு நிகரான சொல் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தபாலுக்கு "அஞ்சல்" என்று பெயர். மணி கட்டிய கோலை ஏந்தி ஓடும் அஞ்சல்காரர் ஒரு தூரம் வரை ஓடிப் பையை அடுத்தவரிடம் கொடுப்பார். அந்த அஞ்சல் துறை 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. ஆனால் சொல் போகவில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ரிலே ரேஸை "அஞ்சலோட்டம்" என்றுதான் எழுதுகிறார்கள். நம் வானொலியும் டெல்லிச் செய்தியை "அஞ்சல் செய்வதாக" அறிவித்ததை என் வயதுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். ஆக, பிரெஞ்சுக்காரனுக்கும் தமிழனுக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது: களைத்தவன் கொண்டுவந்ததைக் களைக்காதவன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மின்சார ரிலே செய்வதும் அதே வேலைதான்.

1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி அசைகிறது என்று கண்டார். 1825இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் இரும்புத் துண்டில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகும், நிறுத்தினால் வெறும் இரும்பாகிவிடும். அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, கம்பியின் மேல் உறை சுற்றி, அதை நெருக்கமாகப் பல அடுக்குகளாகச் சுற்றிப் பார்த்தார். காந்தத்தின் வலு பல மடங்கு கூடியது. 1831 வாக்கில் ஒரு மைலுக்கும் அதிகமான நீளக் கம்பியின் மறுமுனையில் மணி அடித்துக் காட்டினார்.

தூரம் கூடினால் கம்பியிலேயே மின்சாரத்தின் வலு குறைந்துவிடும். கடைசியில் வந்து சேருவது ஒரு சிறு ஊசியை அசைக்கத்தான் போதும். ஹென்றி பிரின்ஸ்டன் கல்லூரிக்குப் போன பிறகு, 1835 வாக்கில், இதற்கு வழி கண்டார். களைத்து வரும் அந்தச் சிறு மின்சாரம் ஒரு சிறு காந்தத்தை இயக்கட்டும். அந்தக் காந்தம் பக்கத்தில் இருக்கும் வேறொரு பேட்டரியின் சுற்றை மூடட்டும் அல்லது திறக்கட்டும். பெரிய வேலையை அந்த உள்ளூர் பேட்டரி செய்துகொள்ளும். பெரிய மின்காந்தத்தில் கனமான எடையைத் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து சிறு மின்சாரத்தால் அதன் சுற்றைத் திறந்து, எடை தடாலென்று விழுவதை மாணவர்களுக்குக் காட்டுவாராம். இதற்காக அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. மின்தூண்டல் அளவைக்கு இன்று "ஹென்றி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் டேவி என்பவரும் இதே கருத்துக்கு வந்து 1838இல் காப்புரிமை பெற்றார். சாமுவேல் மோர்ஸ் தம் தந்தி முறையில் இதைச் சேர்த்துக்கொண்டார். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அவருடைய தந்தி போனது. அதற்குப் பிறகு ஊர் ஊராக, கண்டம் கண்டமாகத் தந்தி நீண்டதற்கு, குதிரைச் சாவடி போல இடையிடையே உட்கார்ந்திருந்த ரிலேக்களே காரணம். பெயரும் அந்தச் சாவடியிலிருந்து வந்ததுதான்.

கார் பக்கம் திரும்புமுன் இன்னொரு செய்தி. தந்திக்குப் பிறகு டெலிபோன் எக்சேஞ்சுகளில் ரிலேக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1937இல் கிளாட் ஷனன் என்ற 21 வயது மாணவர் எம்.ஐ.டி.யில் ஓர் ஆய்வேடு எழுதினார். ரிலேயின் மூடிய நிலை, திறந்த நிலை இரண்டையும் வைத்துக்கொண்டே தர்க்கக் கணக்குகளைப் போடலாம் என்று அதில் காட்டினார். இன்றைய கணினிக்கு அதுவும் ஓர் அடித்தளம். 1941இல் பெர்லினில் கொன்ராட் சூஸ் கட்டிய கணிப்பொறி 2,000க்கும் மேற்பட்ட ரிலேக்களால் ஆனது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிலே கணிப்பொறி ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால் ஒரு ரிலேயின் நடுவே அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, உண்மையான பூச்சி முதல்முறையாக அகப்பட்டது என்று குறிப்பு எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதைக் கண்டவர்கள் அதை எழுதிவைத்த முறைதான் எனக்குப் பிடித்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது காருக்கு வருவோம். 1900களில் காரைக் கிளப்புவது பெரும்பாடு. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் இருந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லா இயந்திரத்தை மின்சாரத்தால் ஓடவைத்தவர். அவரும் நண்பர்களும் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து காருக்குப் புதிய இக்னிஷன் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். காடிலாக் நிறுவனம் அதில் 8,000 வாங்கி 1910ஆம் ஆண்டு மாடல்களில் பொருத்தியது. அதற்கு முந்தைய அமைப்புகளில் அதிரும் காயில் பொறிகளை மழையாகக் கொட்டி பேட்டரியைத் தீர்த்துவிடும். கெட்டரிங்கின் அமைப்பில் ஒரு ரிலே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நல்ல பொறி, அவ்வளவுதான். பேட்டரி பல மடங்கு காலம் உழைத்தது. ஆக, இக்னிஷன் ரிலே என்பது நேற்று வந்த பொருள் அல்ல.

அடுத்து 1912 காடிலாக்கில் அவருடைய செல்ஃப் மோட்டார் வந்தது. அவ்வளவு சின்ன மோட்டார் என்ஜினைச் சுற்றாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். கல்லா இயந்திரத்தின் மோட்டாரும் சில நொடிகள்தான் ஓடும், அந்தச் சில நொடிகளுக்கு அதை மிஞ்சிய வேலை வாங்கலாம் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். கைப்பிடி போய்விட்டது. 1949இல் கிறைஸ்லர் கார்களில் சாவியைத் திருப்பினாலே என்ஜின் கிளம்பும் வசதி வந்தது.

இங்கேதான் ரிலே இல்லாமல் முடியாது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் இழுக்கும். அதை நம் விரலுக்குப் பக்கத்தில் இருக்கும் சாவித் துளை வழியாக அனுப்பினால் சாவித் துளை உருகிவிடும். சாவி அனுப்புவது உத்தரவு மட்டும்தான். ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவு. அது மூடிவிடும் கான்டாக்ட் தாங்குவது 30 ஆம்பியர். அதாவது இருநூறு மடங்கு. ஹென்றி பிரின்ஸ்டனில் காட்டிய அதே வித்தைதான்.

ரிலேயின் அடியில் நான்கு அல்லது ஐந்து கால்கள் இருக்கும். அவற்றின் அருகே 30, 85, 86, 87 என்று எண்கள் போட்டிருக்கும். இது ஜெர்மானியர்கள் வகுத்த முறை. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பி. 87 என்றால் வேலை செய்யும் பொருளுக்குப் போகும் கம்பி. 85, 86 இரண்டும் காயிலின் இரு முனைகள். 87ஏ இருந்தால், ரிலே ஓய்வில் இருக்கும்போது 30ஓடு ஒட்டியிருக்கும் கால் அது. சாவி போட்டால் உயிர்பெறும் கம்பிக்கு 15, எர்த்துக்கு 31, செல்ஃபுக்கு 50. இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது.

இனி பழுது. ரிலே இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, காயில் அறுந்துபோகும். அப்போது சத்தமே வராது. மற்றொன்று, காயில் நன்றாக இருக்கும், கான்டாக்ட் கருகியிருக்கும் அல்லது உள்ளே ஈயம் பற்றவைத்த இடம் விரிந்திருக்கும். அப்போது சத்தம் வரும், மின்சாரம் போகாது. இரண்டாவதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

1980களிலும் 90களிலும் வந்த ஹோண்டா கார்களில் இதற்குப் பெயர்போன ஓர் உதாரணம் உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் "மெயின் ரிலே"தான் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும். வருடங்கள் போகப்போக, உள்ளே ஈயம் பற்றவைத்த இடங்களில் மயிரிழை போல விரிசல் விட்டுவிடும். வெயிலில் நிறுத்திய வண்டி கிளம்பாது. செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு வண்டி கொஞ்சம் ஆறியதும், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் பழுதைக் காட்டவே முடியாது. எத்தனையோ பேர் பம்பை மாற்றியிருப்பார்கள். தெரிந்தவர்கள் ரிலேயைத் திறந்து அந்த இடங்களை மறுபடி பற்றவைத்தார்கள், பழுது போய்விட்டது.

எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்த பழைய காருக்கும் இதே நோய் வந்தது. வேறு கம்பெனி வண்டி, ஆனால் அறிகுறி அதேதான். அவருடைய மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வண்டி எப்போது நிற்கும் என்று தெரியாமல் அந்தக் குடும்பம் தவித்தது. ஒரு பட்டறையில் பம்பை மாற்றச் சொன்னார்கள். வேறொரு பட்டறையில் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துவந்தோம். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர் எடுத்ததுமே ரிலேயைத் தொடவில்லை. முதலில் பேட்டரியில் வோல்ட் பார்த்தார். 12.5 இருந்தது. பிறகு எர்த் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஃபியூஸ். அதற்குப் பிறகுதான் என்னைச் சாவி போடச் சொல்லி ரிலேயின் மேல் விரலை வைத்தார். "டக்" என்றது.

"சத்தம் வருதே, அப்ப ரிலே நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"அது கதவு தட்டுற சத்தம் சார். கதவு தொறந்துச்சா இல்லையான்னு இனிமேதான் பாக்கணும்" என்றார்.

ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சொருகும் இடத்தில் டெஸ்ட் லாம்ப் வைத்து 30இல் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். எரிந்தது. சாவி போட்டால் 86க்கும் 85க்கும் இடையில் லாம்ப் எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. உத்தரவு வருகிறது, சரக்கும் வருகிறது. 30ஐயும் 87ஐயும் ஒரு தடித்த கம்பியால் ஒரு கணம் இணைத்தார். பின்னால் பெட்ரோல் பம்ப் ரீங்கென்று ஓடியது. பம்பின் மேல் குற்றமில்லை என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நாம் செய்வதானால் அந்தக் கம்பியில் ஒரு ஃபியூஸ் வைத்துச் செய்வது நல்லது.

பிறகு ரிலேயைக் கையில் எடுத்தார். மல்டிமீட்டரில் காயில் 80 ஓம் காட்டியது. நல்ல காயில் 50க்கும் 120க்கும் இடையில் காட்டும். பேட்டரியில் இணைத்தார், டக் என்றது. கான்டாக்டில் மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம். எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். அவர் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்தக் கான்டாக்ட் வழியாக எரியவிட்டார். பல்பு நன்றாக எரிந்தது. வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை வாங்கி ரிலேயின் மேல் சூடு காட்டினார். மூன்று, நான்கு நிமிடம் இருக்கும். பல்பு மங்கியது, பிறகு அணைந்தது. காயில் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது.

இதற்குக் கணக்கு எளிது. கான்டாக்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் காணாமல் போகும், 10 வாட் சூடு உண்டாகும். அந்தச் சூடு கான்டாக்டை இன்னும் கெடுக்கும், தடை இன்னும் ஏறும். அதனால்தான் சுமை ஏற்றி, சூடு காட்டிச் சோதிக்க வேண்டும். வேலை நடக்கும்போது 30க்கும் 87க்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்த ரிலேயை நம்பக் கூடாது. ஹாரனுக்கும் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பார்ப்பது இன்னும் எளிய வழி. பழுது ரிலேயோடு கூடவே ஹாரனுக்குப் போய்விட்டால் குற்றவாளி பிடிபட்டான். போகாவிட்டால் கம்பியைப் பார்க்க வேண்டும்.

புது ரிலே போட்டார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை.

பாகத்தை மாற்றுவது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகறிந்த ஒரு வழக்கு உண்டு. அது ரிலே அல்ல, ரிலேக்கு உத்தரவு கொடுக்கும் இக்னிஷன் சுவிட்ச். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2000களில் விற்ற கோபால்ட், அயான் போன்ற கார்களில் அந்தச் சுவிட்சின் உள்ளே இருந்த ஸ்பிரிங் வலுவில்லாமல் இருந்தது. சாவிக்கொத்தின் பாரமோ முழங்கால் பட்டதோ போதும், ஓடும் வண்டியில் சாவி தானாக நழுவிவிடும். என்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் கனக்கும், மோதினால் ஏர்பேக் விரியாது. 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு இந்தப் பழுதே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. 2015இல் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்த என்னை உறுத்துவது வேறொன்று. 2006இலேயே அந்தச் சுவிட்சைத் திருத்திவிட்டார்கள். உள்ளே நீளமான ஸ்பிரிங் போட்டார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண். பிறகு விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஒரு வருடம் வரை வந்த கார்களில் ஏர்பேக் விரியவில்லை, அதற்குப் பின் வந்தவற்றில் விரிகிறது, ஏன் என்று வருடக்கணக்கில் குழம்பினார்கள். ஏட்டில் இரண்டும் ஒன்றாக இருந்தன. விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் பெற்றோர் தொடுத்த வழக்கில், பொறியாளர் ஒருவர் பழைய சுவிட்சையும் கடையில் வாங்கிய புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஓர் உத்தரவைத் திருத்தினால் புது எண்ணும் தேதியும் போட வேண்டும் என்பது எந்தக் கீழ்நிலை எழுத்தருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அது வெறும் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஓர் எண் மாறாததால், கண்டுபிடிக்க வேண்டிய பழுது வருடக்கணக்கில் மறைந்து கிடந்தது.

இப்போது வரும் கார்களில் பல ரிலேக்களின் இடத்தில் சிலிக்கான் சுவிட்சுகள் வந்துவிட்டன. அவை "டக்" என்று சொல்வதில்லை. விரல் வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் கேள்விகள் அவைதான்: சரக்கு வந்ததா, உத்தரவு வந்ததா, வந்ததை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்ததா?

உங்கள் வண்டியும் எப்போதாவது இப்படி நின்றால், பட்டறைக்குப் போகுமுன் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, செல்ஃப் சுற்றியதா, சாவி போட்டதும் பம்ப் சத்தம் கேட்டதா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதன் எண்ணையும் அதே சீட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்துப் பார்க்க வருகிறவர் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கலாம்.